ஆமைப் படத்துக்குக் கீழே

"ரீச்சர், இப்பதான் எண்டா எவ்வளவு நேரம்?"

யதுர்ஷிகா இதைக் கேட்டது ஆவணி மாதத்தில், ஜெயபுரம் முன்பள்ளியின் கலைவிழா அன்று. அவளுக்கு நாலரை வயது. கையில் வெற்றிலைத் தட்டு. அவளையும் மற்றப் பதினாறு பிள்ளைகளையும் காலை எட்டரைக்கே வாசல் படலையடியில் இரண்டு வரிசையாக நிறுத்தியவள் விமலேஸ்வரி ரீச்சர்தான். பிரதம விருந்தினராகப் பிரதேச செயலாளர் ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது. பத்து மணியாகியும் வரவில்லை. சோளகக் காற்று கிரவல் தெருவின் புழுதியை அள்ளிப் பிள்ளைகளின் முகங்களில் கொட்டியது. மயிலாக வேடமிட்டிருந்த பிள்ளையின் தோகை முறிந்து முதுகில் தொங்கியது. தனக்கு ஒண்டுக்கு வருகிறதென்று யதுர்ஷிகா மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் ரீச்சர், "பொறு குஞ்சு, இப்ப வந்திடுவா" என்றாள். நாலாம் தரம் பிள்ளை சொல்லவில்லை. அவளுடைய வெள்ளைச் சப்பாத்துகளைச் சுற்றி மண் நனைந்திருந்தது. அதை ரீச்சர் கண்டாள். கண்டும், வரிசை குலைந்துவிடும் என்று பேசாமல் நின்றாள்.

பெற்றோர் சங்கத் தலைவர் ஐயாத்துரை மட்டும் சலிக்கவில்லை. "பெரியாக்கள் எண்டா பிந்தித்தான் வருவினம், ரீச்சர். சொன்ன நேரத்துக்கு வந்தா அவை என்ன பெரியாக்கள்?"

பத்தரைக்கு ஜீப் வந்தது. பிரதேச செயலாளர் சுமித்திரா இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான். இறங்கியதும் பிள்ளைகளைப் பார்த்து, "கன நேரமா நிக்கிறியளோ?" என்று கேட்டா.

"இல்லை மேடம், இப்பதான் வந்து நிண்டவை" என்றாள் விமலேஸ்வரி. வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டீங்களோ என்று கேட்பது போல, யோசிக்காமல் வாயில் வந்த சொல். அப்போதுதான் பிள்ளை நிமிர்ந்து பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். விமலேஸ்வரியும் சிரித்தாள். சுமித்திரா சிரிக்கவில்லை. வாடிச் சுருண்ட வெற்றிலையைப் பார்த்தா. பிள்ளையின் நெற்றிப் பொட்டு கரைந்து மூக்குவரை வழிந்திருந்ததைப் பார்த்தா. பிறகு சப்பாத்துகளைப் பார்த்தா. "முதல்ல பிள்ளையின்ர உடுப்பை மாத்துங்கோ, ரீச்சர். விளக்கை அதுக்குப் பிறகு ஏத்துவம்" என்றா. பிள்ளை உடுப்பு மாற்றி வரும்வரை குத்துவிளக்கின் ஐந்து திரிகளும் காத்திருந்தன. விழா நன்றாகத்தான் நடந்தது.

அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது. அந்த முன்பள்ளியின் சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படமும், அதன் கீழே பை கொழுவ ஓர் ஆணியும் இருந்தன. யதுர்ஷிகாவுக்கு ஆமைப் படம். விழாவுக்கு அடுத்த நாளிலிருந்து ஆமையின் ஆணி வெறுமையாகவே இருந்தது. பிள்ளை பையை முதுகிலிருந்து கழற்றுவதில்லை, சப்பாத்தைக் கழற்றுவதில்லை. வாசற்படியில் குந்தியிருந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். தாய் கஜனியின் சேலை தெருமுனையில் மறைந்ததும் அழத் தொடங்குவாள். "அம்மா இப்ப வந்திடுவா, குஞ்சு" என்று ரீச்சர் சொன்னால் அழுகை இன்னும் கூடும். முன்பு அந்தச் சொல்லுக்கே அடங்கிய பிள்ளை அவள்.

கஜனி மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். புருசன் பிரதாபன் கொழும்பில் கட்டட வேலையில் இருந்தான். பிள்ளை அழுகிறாளே என்று கஜனி நாலைந்து நாள் முன்பள்ளி வேலியோரம் வேப்பமரத்தடியில் குந்தியிருந்தாள். பிறகு ஒரு நாள் வந்து சொன்னாள். "தோட்டக்காரர் வேற ஆள் பாக்கிறாராம், ரீச்சர். இந்தக் கிழமையோட பிள்ளையை நிப்பாட்டப் போறன். என்னோட வந்து வரம்பில இருக்கட்டும். வேற என்ன செய்ய?" அவளுடைய குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் விமலேஸ்வரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இருபத்திரண்டு வருடமாக முன்பள்ளி நடத்துகிறவள் விமலேஸ்வரி. எத்தனையோ பிள்ளைகளின் அழுகையை நிறுத்தியிருக்கிறாள். இந்தப் பிள்ளையின் அழுகை எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாள் காலையில் முன்பள்ளிக்குப் போகும் வழியில் பிள்ளையார் கோயிலடியில் சைக்கிளை நிறுத்தித் தோப்புக்கரணம் போட்டாள். மூன்று போடுகிறவள் அன்று பதினொன்று போட்டாள். மனம் இலேசாகவில்லை. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். அவரிடமா அவள் பொய் சொன்னாள்?

நவராத்திரி வாணி விழாவுக்கு முதல் நாள் பிரதேச செயலாளரே தொலைபேசியில் கதைத்தா. "நாளைக்கு எட்டு மணிக்கு வாறன், ரீச்சர். பிள்ளையளை வெளியில நிப்பாட்டாதேங்கோ. மாலை, தட்டு ஒண்டும் வேண்டாம். பாயில இருந்து அவல் சாப்பிட்டு ஒரு கதை சொல்லிப்போட்டுப் போறன்."

ஐயாத்துரை சிரித்தார். "எட்டெண்டா பத்துத்தான். அவசரப்படாமல் ஆறுதலா வாங்கோ."

விமலேஸ்வரியும் ஆறுதலாகத்தான் வந்தாள். அவல் பையும் கடலைப் பாத்திரமும் கொழுவிய சைக்கிளில் எட்டுப் பத்துக்குத் தெருமுனையில் திரும்பியவள் சட்டென்று வேகமாக மிதித்தாள். பூட்டிய படலைக்கு முன்னால் பிரதேச செயலாளர் நின்றுகொண்டிருந்தா. அவாவை இறக்கிவிட்ட ஜீப் போய்விட்டிருந்தது. காலைவெயில் முகத்துக்கு நேரே அடித்தது. வேப்பமர நிழல் வேலிக்கு உள்ளேதான் விழுந்திருந்தது. பக்கத்தில் கஜனி கைகளைக் கட்டிக்கொண்டு சங்கடத்தோடு நின்றாள். யதுர்ஷிகா அண்ணாந்து பிரதேச செயலாளரின் முகத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ மேடம்! வந்து கன நேரமோ?"

'இல்லை, இப்பதான்' என்ற மறுமொழியை எதிர்பார்த்தே விமலேஸ்வரி அதைக் கேட்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சுமித்திரா மணிக்கூட்டைப் பார்த்தா.

"இருபத்தைஞ்சு நிமிஷம், ரீச்சர். பதினைஞ்சு நான் முந்தி வந்தது. பத்து நீங்கள் பிந்தினது. கால் நோகுது." சொன்ன விதத்தில் குத்தல் இல்லை. மருந்துக்கடையில் நிறுத்துத் தருவது போலச் சரியாகச் சொன்னா.

"ஒண்டுக்கு வருதோ?" என்று யதுர்ஷிகா அக்கறையோடு கேட்டாள்.

"எடியே!" கஜனி தலையில் கைவைத்தாள்.

சுமித்திராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லையம்மா. தண்ணிதான் விடாய்க்குது."

பிள்ளை பையின் பக்கத்திலிருந்து தன் தண்ணீர்ப் போத்தலை இழுத்து நீட்டினாள். சுமித்திரா அண்ணாந்து பாதி குடித்துவிட்டுப் புழுதியில் சேலை படக் குந்தினா. "அண்டைக்கு நீ ரெண்டு மணித்தியாலம் நிண்டனியாம், அம்மா சொன்னவா. நான் மாவட்டக் கச்சேரியில அலுவலகக் கூட்டத்தில இருந்திட்டன். ஒரு கோல் எடுத்து, பிந்தும் எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. அது என்ர பிழை."

"ரெண்டு மணித்தியாலமோ?" என்ற பிள்ளை திரும்பி ரீச்சரைப் பார்த்தாள். விமலேஸ்வரி படலைப் பூட்டோடு மினக்கெட்டாள். திறப்பு துவாரத்துக்குள் போக மறுத்தது.

வாணி விழாவில் சுமித்திரா பிள்ளைகளோடு பாயில் இருந்தா. அவர்களோடு தேவாரம் பாடினா. நரியும் ஆமையும் வருகிற கதையொன்றைத் தொடங்கி இடையில் நரியை மறந்துபோனா. பிள்ளைகள்தான் நரியைத் தேடிக் கொண்டுவந்து கதையை முடித்துவைத்தார்கள். பத்து மணிக்குத் திரும்பி வந்த ஜீப் அவாவோடு புறப்பட்ட புழுதி அடங்கும்போது ஐயாத்துரை கையில் பெரிய மாலையோடு வந்து சேர்ந்தார். "என்ன, போயிட்டாவோ? அதெப்பிடி?" மாலை சரஸ்வதி படத்துக்கு ஏறியது.

கஜனி தோட்டத்துக்குப் போகும்போது, "இண்டைக்கும் ஒருக்கா விட்டுப் பாக்கிறன், ரீச்சர். சரிவராட்டி நாளைக்கு வரமாட்டாள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பிள்ளை கதை கேட்கும்போதுகூட முதுகில் பையோடுதான் இருந்தாள். பன்னிரண்டு மணிக்கு மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். யதுர்ஷிகா வாசற்படிக்குப் போய்க் குந்தினாள். உதடு நெளியத் தொடங்கியது.

விமலேஸ்வரி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். "அம்மா..." என்று தொடங்கியவளுக்கு அடுத்த சொல் பழக்கத்தில் நாக்குநுனிக்கு வந்தது. அதை விழுங்கினாள்.

"அம்மா எத்தினை மணிக்கு வருவா எண்டு எனக்குத் தெரியாது, குஞ்சு. மிளகாய்ச் சாக்குக் கட்டி முடிய ஒரு மணியும் ஆகும். அதுவரைக்கும் நான் ஒரு இடமும் போகன்."

பிள்ளை தெருவைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அண்டைக்கு நான் இப்பதான் எண்டு சொன்னது பொய். நீ கேட்டதுக்கு நான் மறுமொழியும் சொல்லேல்லை, சிரிச்சனான். ரெண்டு மணித்தியாலம். உன்னை வெயில்ல நிப்பாட்டினது மேடம் இல்லை, நான். உனக்கு ஒண்டுக்கு வந்ததும் எனக்குத் தெரியும்."

தெருவில் ஒருவரும் இல்லை. உள்ளே சரஸ்வதி படத்துக்கு முன் ஏற்றிய விளக்கும் எண்ணெய் வற்றி அணைந்திருந்தது. யதுர்ஷிகா ரீச்சரின் கால்களைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் அண்டைக்குக் கால் நொந்ததோ, ரீச்சர்?"

"நொந்தது."

பிள்ளை தலையாட்டினாள். பிறகு குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துப் படியோரம் வைத்தாள். உள்ளே போனாள். ஆமைப் படத்துக்குக் கீழே கால்விரல்களில் எம்பி நின்று பையை உயர்த்தினாள். ஆணி எட்டவில்லை. உதவப்போன கையை ரீச்சர் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மூன்றாம் தரம் பையின் வார் ஆணியில் மாட்டியது. பையின் பக்கத்தில் செருகியிருந்த போத்தலில் மேடம் குடித்து மிச்சம் விட்ட தண்ணீர் இங்கும் அங்கும் அலைந்து, மெல்ல மெல்ல மட்டமாகி நின்றது.