தம்பி முறை

பயிற்சி வகுப்புக்குப் போன மேலாளர் ஆளே மாறித் திரும்பினார். போகும்போது 'சார்', வரும்போது 'அண்ணன்'.

"இனிமே இது ஆபீஸ் இல்ல, குடும்பம். என்னை அண்ணன்னு கூப்பிடுங்க" என்று, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் அந்த நிலையத்தின் நட்டநடுவே நின்று அறிவித்தார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உறவு நெருங்கினால் உற்பத்தி பெருகுமாம். இங்கே உற்பத்தியாவது புகார் மட்டும்தானே என்று மெக்கானிக் முணுமுணுத்தது நல்லவேளையாக அவர் காதில் விழவில்லை.

புகார் மேசையில் இருந்த அக்காவுக்கு (மேலாளரைத் தவிர எல்லாருக்கும் அவள் அக்காதான்) இதையெல்லாம் கேட்கவே தெம்பில்லை. அவள் காதில் இருந்த தொலைபேசியில் ஒரு அம்மாள் பால் திரிந்துபோன கதையைப் பசுமாட்டிலிருந்து ஆரம்பித்திருந்தாள்.

போகப்போகக் குடும்பத்தின் குணம் தெரிந்தது. குடும்பத்தில் மணி பார்ப்பார்களா? சாயங்காலம் நீண்டது. குடும்பத்துக்கு லீவு விடுவார்களா? ஞாயிறும் போயிற்று. விடுப்பு விதிகள் தொங்கிய இடத்தில் கூட்டுக்குள் குருவிகள் வாய்பிளக்கும் படம் ஒன்று தொங்கியது.

அந்த ஞாயிறுதான் அக்காவுக்கு உயிர். புருஷன் இரவுப் பேருந்து ஓட்டுகிறவன். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவள் மாட்டிக்கொண்டிருப்பாள். வாரம் பூராவும் வாசற்படியில்தான் குடித்தனம். இருவரும் சேர்ந்து வீட்டில் இருக்கிற ஒரே நாளையும் குடும்பம் தின்றுவிட்டது. "உன் புதுக் குடும்பத்துல என்னையும் சேத்துப்பாங்களா?" என்று போன வாரம் கேட்டான். வேடிக்கையாகத்தான் கேட்டான். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

அண்ணே, ஞாயிறு மட்டும், என்று மேலாளரிடம் இழுத்துப் பார்த்தாள். அண்ணன் தவிக்கும்போது எந்தத் தங்கச்சியாவது விட்டுப்போவாளா என்று அவர் உருகினார். அவள் மேசைக்குத் திரும்பினாள்.

அப்புறம் அவருக்குப் பிறந்தநாள் வந்தது. குடும்பமாயிற்றே, கேக் வெட்டினார்கள். வயது என்ன என்று கேட்டதற்கு, முப்பத்தெட்டு என்று பெருமையாகச் சொன்னார். மெக்கானிக் விரலை மடக்கிப் பார்த்தான்.

"அப்ப முறை இடிக்குதே. அக்காவுக்கு நாப்பது தாண்டிருச்சு. நீங்க தம்பியில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர்தான் உரக்கச் சிரித்தார். "தம்பிதான், அதுல என்ன!" என்றார், வாய் நிறையக் கேக்கோடு. நுணலும் தன் வாயால்தானே கெடும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அக்கா கைப்பையோடு அவர் அறைக்குள் போனாள்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை நான் வரல."

"யாரைக் கேட்டு?"

"அக்கா தம்பிகிட்ட எதுக்குப்பா கேக்கணும்? சொல்லிட்டுப் போறேன்."

சார் என்றால் கேட்க வேண்டும். அண்ணன் என்றால் கெஞ்ச வேண்டும். தம்பியிடம் சொன்னால் போதும். இது மேலாளருக்கு வகுப்பில் சொல்லித்தராத பாடம். அந்த 'ப்பா'வில் அவர் பாதி இளைத்துவிட்டார். மீதியைத் தலைமை அலுவலகத்து அதிகாரி வந்த அன்று இழந்தார். அந்தப் பெரிய மனிதர் எதிரிலேயே, கத்தாம பேசுப்பா, நெஞ்சு வலிக்கப்போகுது என்று அக்கா அக்கறையாகச் சொல்லிவைத்தாள்.

மறுநாள் காலையிலேயே மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"மேடம், என்ன இருந்தாலும் ஆபீஸ்னா ஒரு மரியாதை வேணும். பழையபடி சார்னே கூப்பிடுங்க."

"சரிங்க. அப்ப லீவும் பழையபடிதானே சார்?"

அவர் குருவிப் படத்தைப் பார்த்தார். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு லீவு என்றார். அவள் எல்லா ஞாயிறையும் கேட்டிருக்கலாம். நாளெல்லாம் புகாருக்குப் பதில் சொல்லி வறண்ட நாக்கில் வாதாட ஈரமில்லை. ஆனால் அதன்பிறகு இருவருக்கும் வேலை சிக்கலில்லாமல் ஓடியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்த லீவு ஞாயிறு வந்தது. புருஷன் பட்டாணியை முறத்தில் கொட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். ஆபீஸில் என்ன நடந்தது, முதலிலிருந்து சொல் என்றான்.

"அதைப் பேசினா அதுவும் டூட்டிதாங்க. வேற எதாவது பேசுங்க."

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். அவனுக்கும் பேருந்தைத் தவிர வேறெதுவும் ஞாபகம் வரவில்லை. இரண்டு பேரும் பட்டாணி உரித்தார்கள்.