அரைமணி நேரம் தொடக்கூடாது

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பங்காருபேட்டை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வரதன் சொன்னான். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். கேஸ் கசிந்தாலும் சட்டென்று பற்றாமலிருக்க அதில் மருந்து கலந்து பார்ப்பது வேலை.

"எழுதிக்கங்க சார். எங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது" என்றான். (எழுதுகிறவனிடம் சொல்லும் பேச்சா இது?)

2

'சம்பங்கி தங்கச் சுரங்கத்தில் வெடி வைப்பவராக இருந்த காலத்தில்—'

வேண்டாம். நடந்தது சமையலறையில்.

அம்மா கிருஷ்ணம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, மருந்து கலந்த சின்ன சிலிண்டரை வரதன் ஆசையாக அடுப்பில் மாட்டினான். "இனி பயமில்லப்பா" என்று அப்பா சம்பங்கியிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

சம்பங்கி குமிழைத் திருகிக் குச்சி கிழித்தார். பற்றவில்லை. சுரங்கத்தில் வைத்த வெடி வெடிக்காவிட்டால் அது மிஸ்ஃபயர். அரைமணி நேரம் எதையும் தொடக்கூடாது, விலகி நிற்க வேண்டும். குமிழைத் திறந்தபடியே விட்டுவிட்டு வாசலில் போய் நின்றார்.

(மருந்து கேஸைவிடச் சீக்கிரம் ஆவியாகிவிடும். முதலில் வந்ததில் மருந்து அதிகம், பற்றவில்லை. பிறகு வந்தது வெறும் கேஸ். ஆய்வுக்கூடத்து கேஸுக்கு வாசனையும் கிடையாது. வரதனுக்கு இது புரிந்தது அடக்கம் முடிந்த பிறகு.)

அரைமணி கழித்து உள்ளே போய் இரண்டாவது குச்சியைக் கிழித்தார்.

3

அவரைக் காப்பாற்றப் பார்த்தேன். குமிழை மூடவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அது சம்பங்கி இல்லை, யாரோ. ஜன்னலைத் திறந்து— அந்த வீட்டில் ஜன்னலே இல்லை.

ஆஸ்பத்திரியில் மகனிடம் கேட்டாராம்: "மிஸ்ஃபயர்னுதானடா நின்னேன். இன்னா தப்பு பண்ணேன்?" வரதன் வாயைத் திறப்பதற்குள்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

4

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் கிருஷ்ணம்மா புலம்புகிறாள்: "எத்தினி வெடி வெச்ச மனுசன்! கேஸத் தொறந்து வுட்டுட்டு மறந்துட்டாரே. புத்தி மங்கிப்போச்சு." வரதன் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறான்.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறான். அவளுக்கு மகனும் இல்லாமல் போகிறான்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. சுரங்கத்தில் ஓர் உயிரையும் பலி கொடுக்காத மனிதர் ஊர் வாயில் மறதிக்காரக் கிழவனாகிறார்.

இரண்டையும் எழுதிக் கிழித்தேன். எதிலும் எனக்கு நிம்மதி இல்லை.

5

இப்போது வரதன் போன் செய்கிறான். கருகிக் கிடந்த சின்ன சிலிண்டரை அம்மா கண்டெடுத்துவிட்டாள்.

"'இது நம்ம ஊட்டுது இல்லியே, எந்தப் பாவி குடுத்தான்?'னு கேக்கறாங்க சார். வாசல்லயே ஒக்காந்துட்டாங்க. நான் இன்னா சொல்றது?"

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அவன் போனை வைக்கவில்லை.