ஓட்டைவாய்க்குத் தெரியாத கொலைகாரன்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மாமியார் வீட்டில் ஓட்டைவாய் என்று பெயர். வைத்தவன் மச்சான். எந்தத் துப்பறியும் படமானாலும் கொலைகாரன் யாரென்று பாதியிலேயே சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். அதனால் மனைவி இப்போதெல்லாம் தங்கையோடுதான் படத்துக்குப் போகிறாள். தனியாக டிவி முன்னால் உட்கார்ந்து அவருக்கு அலுத்துவிட்டது. வாய்விட்டுச் சொல்வாரா என்றால், அதை மட்டும் சொல்லமாட்டார்.

பழைய துப்பறியும் நாவல் ஒன்றை நாடகமாகப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றார்.

“இந்தக் கதையக் கரைச்சுக் குடிச்சவராச்சே நீங்க,” என்றாள் மனைவி. “வாயத் தொறந்தீங்கன்னா இனிமே எங்கயும் உங்ககூட வரமாட்டேன்.”

“மூச்சு விடமாட்டேன்.”

திரை விலகியது. விருந்தில் காபி குடித்த பணக்காரர் சரிந்து விழுந்தார். குடும்ப டாக்டர் ஓடிவந்து நாடி பிடித்தார். விஷம் வைத்ததே அந்தப் புண்ணியவான்தான். மெக்கானிக்குக்கு நாக்கு துறுதுறுத்தது. உதடுவரை வந்ததை விழுங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். ஒன்றும் தெரியாமல் கதை பார்ப்பது எப்படித்தான் இருக்கும் என்று அவருக்குப் பொறாமையாக இருந்தது.

இடைவேளையில் அவள் கேட்டாள்: “எல்லாரும் காபி குடிச்சாங்க, ஒருத்தர் மட்டும் தொடவே இல்ல. கவனிச்சீங்களா?”

அவர் கவனிக்கவில்லை. டாக்டரை விட்டுக் கண்ணை எடுத்தால்தானே? இவள் எங்கேயோ சுற்றுகிறாள் என்று நமுட்டுச் சிரிப்பு சிரித்ததோடு சரி.

மறுபடி திரை விலகிக் கொஞ்ச நேரத்தில் டாக்டரே கத்திக்குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தார்.

மெக்கானிக் எழுந்தே விட்டார். பின்வரிசைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். புத்தகத்தில் இந்த டாக்டருக்குத்தானே கடைசியில் விலங்கு மாட்டுவார்கள்? பாவிகள், கதையையே மாற்றிவிட்டார்கள். இனி என்ன நடக்கும் என்று அவருக்கு மண்ணாங்கட்டியும் தெரியாது. நெஞ்சு படபடத்தது, அது நன்றாகவும் இருந்தது.

மனைவி பக்கம் சாய்ந்தார். “காபி குடிக்காதது யாரும்மா?”

அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவங்கதான் கொன்னதா? உனக்குத் தெரிஞ்சுபோச்சா? சொல்லேன்.”

“சொல்லமாட்டேன்,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இப்பத்தான் உங்ககூட உக்காந்து பாக்கவே நல்லாருக்கு.”