குண்டுமணியளவு

வாசல் படலையடியில் சைக்கிளை அப்படியே சரியவிட்டுவிட்டு ஐயா ஓடிவந்தார். மகள் சத்தியபாமா அவரை விறாந்தையிலேயே மறித்தாள்.

"முடிஞ்சுது ஐயா. நீங்கள் அங்காலை வெளிக்கிட, இஞ்சாலை அம்மா போயிட்டா."

அவரது கை வேட்டி மடியை இறுக்கிப் பிடித்திருந்தது. எங்கே போனார் என்று அவள் கேட்கவுமில்லை. கேட்டு இனி என்ன பலன்?

ஐயா தியாகலிங்கம் நாரந்தனை விதானை, அரசாங்கத்தின் ஊர் அதிகாரி. அம்மா சீதேவிக்கு வயிற்றில் புற்று. டொக்டர்மார் கைவிரித்துவிட்டார்கள். அந்த மனுசி பட்ட பாடு பகையாளிக்கும் வரக்கூடாது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி அம்பலவாணரின் கஞ்சா லேகியத்துக்கு நோவு அடங்கும் என்று ஊரே சொன்னது. ஆனால் அதே லேகியத்துக்காகப் பரியாரியாரைப் பொலிசில் பிடித்துக்கொடுத்து, வழக்குப் போட்டுக் கோடேற்றியவரே ஐயாதான்.

"இஞ்சாருங்கோ, ஒரு குண்டுமணியளவு தந்தாலும் கொஞ்சம் கண்ணயருவன்," என்று அம்மா நேற்றும் கெஞ்சினாள்.

"ஊருக்கொரு சட்டம், என்ரை வீட்டுக்கொரு சட்டமோ?"

சத்தியபாமாவுக்குப் பொறுக்கவில்லை. "மருந்துக்கெண்டாலும் விடப்படாதோ ஐயா? நோகிறது உங்களுக்கோ, அம்மாவுக்கோ?"

"விடுறதெண்டால் பாராளுமன்றத்திலை இருக்கிறவை விடட்டும். விதானை விடேலாது."

விடிய விடிய அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வெளிச்சம் வந்ததும் ஐயா சைக்கிளை எடுத்தார்.

பின்னேரம் செத்தவீட்டுப் பந்தலுக்குள் பரியாரியாரும் வந்தார். சத்தியபாமா அவரருகே போய் மெல்லக் கேட்டாள்.

"ஐயா விடியக்காலமை உங்களிட்டையோ வந்தவர்?"

"ஓம் பிள்ளை. படலையிலை நிண்டு கையேந்தினவர். ஒரு உருண்டை லேகியம் குடுத்தனான். ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை எண்டு நான் கேக்கேல்லை."

ஒரு நாள், ஒரேயொரு நாள் முந்திப் போயிருக்கக் கூடாதா இந்த மனுசன்!

வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள். சத்தியபாமா அம்மாவின் தலைமாட்டில் இருந்தாள். துக்கம் விசாரிக்க வந்த பொலிஸ் சார்ஜன் கால்மாட்டில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயா குனிந்தார். மடியிலிருந்து வாழைச்சருகுப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். அம்மாவின் வாயில் அரிசியோடு சேர்த்து எதையோ வைத்தார்.

"இந்தாரும் சீதேவி," என்றார்.

வெள்ளை அரிசிக்குள் அந்தக் கறுத்த உருண்டை பளிச்சென்று தெரிந்தது. சார்ஜன் நிமிர்ந்து பார்த்தார்.

சத்தியபாமா தன் முறை வரக் காத்திராமல் ஒரு பிடி அரிசியை அள்ளி, அது தெரியாதபடி மேலே போட்டாள்.