ஆயுத பூஜைக் குங்குமம்

பல்கலைக்கழக ஆய்வுக்குழு வருகிறது என்றதும் ஒத்தக்கடை தாண்டி இருந்த அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைத் தாளாளர் வெள்ளைத்துரை தன் கையாலேயே திறந்துவிட்டார். சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான். ஆயுத பூஜைக்குத் திறந்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிப் பூட்டியது; இப்போது மாசி பிறந்துவிட்டது. பிள்ளைகள் கை பட்டால் மிஷின் கெட்டுப்போகுமாம். தொடாமல் பார்த்துவிட்டுப் போக இதென்ன உற்சவ மூர்த்தியா?

விரிவுரையாளர் ஹம்சவேணி அட்டையில் கீபோர்டு வரைந்துதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். சாவி கேட்கும்போதெல்லாம் கமிட்டி வந்துபோகட்டும் என்பார் தாளாளர். போன வருஷப் பிள்ளைகள் மவுஸைத் தொடாமலே பட்டம் வாங்கினார்கள்; செய்முறைத் தேர்வு மார்க்கை அவரே பார்த்துக்கொண்டார். அதில் ஒருத்தி வேலைக்குப் போன இடத்தில் கம்ப்யூட்டரை எந்தப் பொத்தானில் போடுவதென்று தெரியாமல் நின்று, அழுதபடி திரும்பி வந்தாள். அந்த அழுகையை ஹம்சவேணி இன்னும் மறக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுக் குழு உள்ளே வந்தது. பேரையூரிலிருந்து படிக்க வரும் பாண்டீஸ்வரியைத் திரை முன்னால் உட்கார்த்தியிருந்தார்கள். தினமும் பழகுவதாகச் சொல்லவேண்டும் என்று தாளாளர் காலையிலேயே மிரட்டியிருந்தார். குழுத் தலைவர் அவள் பேரை அடிக்கச் சொன்னார். அட்டையில் பழகிய விரலல்லவா, ஓங்கி அழுத்தியபடி நின்றுவிட்டது. ஒரே எழுத்து திரை முழுக்க ஓடியது. பதறிக் கையை எடுத்தாள். விரல் நுனியில் ஆயுத பூஜைக் குங்குமம்.

தலைவர் பார்த்தார். நல்ல பக்திதான் என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே, லேப் சரியாக நடக்கிறது என்று கையெழுத்தும் போட்டார்.

அடப்பாவி, கண்ணால் கண்டுமா! ஹம்சவேணி தலைவர் முன்னால் வந்து நின்றாள்.

"சார், இந்தப் பிள்ளைங்க இன்னைக்குத்தான் இதத் தொடுறாங்க."

அந்தம்மா எப்போதும் தமாஷ்தான் என்று சொல்லி, தாளாளர் எல்லாரையும் அயிரைமீன் குழம்புக்கு அழைத்துப் போனார். பந்தியில் உட்காரவைத்த கையோடு பூட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஒனக்கு வேல வேணுமா வேணாமாம்மா?"

ஹம்சவேணி ஒரு நாற்காலியை இழுத்து வாசல்படியில் போட்டு உட்கார்ந்தாள்.

"வேணும் சார். அதத்தான் பாக்கப்போறேன். பாண்டீஸ்வரி, எல்லாரையும் வரச்சொல்லும்மா."

வராந்தாவில் செருப்புகள் குவிந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஹம்சவேணி முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். தாளாளருக்கு ஒதுக்கவில்லை. பூட்டும் கையுமாக அவர் நிற்க, உள்ளே யாரோ கீபோர்டை ஓங்கிக் குத்தும் சத்தம் கேட்டது.