இருநூற்றுப் பன்னிரண்டு கல்

காலர் மடிப்பில் இஸ்திரிப் பெட்டியின் நுனியை வைத்து அழுத்தினார் தையற்காரர். நீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான், இடது தோளில் மட்டும் உள்ளே ஒரு பட்டை பஞ்சு. மெகாபோனின் வார் அந்தத் தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்று மனைவி ஒருமுறை சலித்துக்கொண்டபோது அவர் வைத்துத் தைத்தது. அதை உடுத்த வேண்டியவள் பக்கத்து அறையில் வெள்ளைத் துணிக்கு அடியில் படுத்திருந்தாள். நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பி, ஷூ கயிறு கட்டக் குனிந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதெல்லாம் மனசு கேட்காமல்தான்.

"மாமா, இன்னைக்குக் கூடவா யூனிஃபார்ம்? அக்காகிட்ட நல்ல துணியே இல்லையா?" என்றாள் மைத்துனி.

"இதுதான் அவகிட்ட இருக்கறதுலயே நல்ல துணி. நான் தைச்சது."

மைத்துனி பித்தளைப் பொத்தானைத் துடைத்துக் கொடுத்தாள். முப்பது வருஷத்தில் அவர் பேச்சை அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்துக் கண் போன மனுஷர் அவர். ஆனால் ஊருக்குள் அவரை யாரும் தையற்காரர் என்று சொல்வதில்லை, 'கைடம்மா வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். அதில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. புதிதாக அறிமுகமாகிறவர்களிடம் தானே முந்திக்கொண்டு அப்படிச் சொல்லிக்கொள்வார்.

அந்தக் கடற்கரை நகரத்தில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்ட நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அதில் நாற்பது பேரும் நன்றாகப் பொய் சொல்வார்கள். துறைமுகச் சதுக்கத்து நீரூற்றில் ஒரு கல் சிங்கம் உண்டு, வால் இருக்காது. ஒருத்தர் அது அரசியின் சாபம் என்பார். இன்னொருத்தர் பீரங்கிக் குண்டு என்பார். இவள் மட்டும், "பால் லாரி பின்னால வந்து இடிச்சிடுச்சுங்க, நாப்பது வருஷம் ஆகுது" என்பாள். வந்தவர்களுக்கு முகம் விழுந்துவிடும். பாறை உச்சியிலிருந்து காதலுக்காகக் குதித்த இளவரசி எங்கே என்று கேட்டால், "அப்படி ஒருத்தி குதிச்சதா எந்தப் பழைய காகிதத்துலயும் இல்ல. ஆனா இங்க நின்னு பார்த்தா குதிக்கணும்னு ஏன் தோணும்னு புரியும், இல்லையா?" என்பாள். அவளோடு போனால் கதை கிடைக்காது, ஊர் கிடைக்கும் என்று சொல்லி மறுபடி மறுபடி வருகிறவர்கள் இருந்தார்கள். வராதவர்களும் நிறைய.

கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கூடத்துக்கு வந்தபோது, வாசலில் கேப்டனின் குரல் ஓங்கிக் கேட்டது.

கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் இல்லை. அவரும் வழிகாட்டிதான். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டதால் வந்த பெயர். படகில் கால் வைத்தால் குடலைப் புரட்டிக்கொண்டு வரும் ஆசாமி. இளவரசியைப் பாறையிலிருந்து குதிக்க வைத்ததே அவர்தான். முப்பது வருஷமாக, மழை நாளைத் தவிர, தினம் இரண்டு வேளை குதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"அலைன்னா அலை, பனைமர உசரம்! குழந்தைங்க ரெண்டும் தண்ணிக்குள்ள. நாங்கள்லாம் கரையில கை உதறிக்கிட்டு நிக்கிறோம். கைடம்மா கோட்டைக் கழட்டி எறிஞ்சாங்க பாருங்க, ஒரே பாய்ச்சல்! இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு..."

காலை எட்டு மணிக்கு ஒரு குழந்தைதான் இருந்தது. இப்போது பத்து மணிக்கு இரண்டாகிவிட்டது. எடுக்கும் நேரம் பகல் பன்னிரண்டு. அதற்குள் ஒரு பள்ளிக்கூடமே தண்ணீரில் விழுந்துவிடும் என்று தையற்காரர் நினைத்தார். நினைத்ததும் அதை அவளிடம் சொல்லிச் சிரிக்கத் தோன்றியது. பக்கத்து அறையின் கதவைப் பார்த்தார்.

கேப்டனைச் சுற்றி ஏழெட்டு வழிகாட்டிகள், பேருந்து ஓட்டுநர்கள் இரண்டு பேர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் சுற்றுலா அலுவலக அதிகாரி, குறிப்பேட்டோடு ஒரு இளம் நிருபர். நிருபர் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

மகள் எழுந்து வந்தாள். விடியற்காலை ரயிலில் வந்தவள், முகம் வீங்கியிருந்தது. "அப்பா, கடல்படிக்கட்டுல அம்மா பேர்ல ஒரு பலகை வைக்கப் போறாங்களாம். அந்த அதிகாரி சொல்றார். அம்மா குழந்தைங்களைக் காப்பாத்தினதைப் போட்டு." அவள் கண்கள் பளபளத்தன. "இவ்வளவு பெரிய விஷயம், எனக்கு ஏன்பா சொல்லவே இல்ல?"

தையற்காரர் கோட்டை மகள் கையில் கொடுத்தார். "சித்திகிட்டக் கொடுத்துப் போட்டுவிடச் சொல்லும்மா. பொத்தான் எல்லாத்தையும் போடணும், மேல் பொத்தான் உட்பட. சொல்லிட்டு நீ வா, வாசலுக்கு."

அவர் வாசலுக்குப் போய் நின்றதும் எல்லோரும் எழுந்துகொண்டார்கள்.

"உக்காருங்க," என்றார். "தம்பி, நீங்க எழுதினதுல ஒரு திருத்தம். அவ குதிக்கல."

நிருபரின் பேனா நின்றது.

"அவளுக்கு நீச்சல் தெரியாது. கடலோரத்துலயே அம்பத்தெட்டு வருஷம் இருந்தா, முட்டி அளவு தண்ணிக்கு மேல இறங்கினதில்ல. தண்ணியில குழந்தையும் கிடையாது. ஒண்ணும் கிடையாது, ரெண்டும் கிடையாது."

யாரோ இருமினார்கள். திரும்பி வந்து கதவருகே நின்ற மகள் மெல்லச் சொன்னாள்: "அப்பா, விடுங்களேன். நல்லதாத்தானே சொல்றாங்க."

"நடந்ததும் நல்லதுதாம்மா. அதைச் சொல்லிடறேன்."

கூட்டத்துக்கு நடுவில் பேசிப் பழக்கமில்லாதவர் அவர். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து அதை எடுக்க மறந்திருந்தார்.

"கடல்கோட்டைக்குப் போற கல்பாதை எல்லாருக்கும் தெரியும். கடல் இறங்கினா பாதை வெளியில வரும், ஏறினா மூழ்கிடும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள். கடல் ஏத்த இறக்க அட்டவணைப்படி ரெண்டரை மணி வரைக்கும் நேரம் இருந்துச்சு. இவகூட முப்பத்து நாலு பேரு. படிக்கட்டுல இறங்கினவ அப்படியே நின்னுட்டா. கல்லுல ஒட்டின பாசி கரையைப் பார்த்துச் சாஞ்சிருக்காம். தண்ணி இறங்கும்போது அது கடலைப் பார்த்துத்தான் சாயணும். 'இன்னைக்குப் போக வேண்டாம்'னுட்டா. முப்பத்து நாலு பேரும் சண்டைக்கு வந்துட்டாங்க. எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கோம், வெயில் இப்படி அடிக்குது, எதிர்க்கத் தெரியுது கோட்டை. ஒருத்தர் அங்கயே உக்காந்து புகார் எழுத ஆரம்பிச்சிட்டார். இவ அசையல."

"அப்புறம்?" என்றார் நிருபர்.

"வேற மூணு பேரு போயிட்டாங்க. இவ சொல்லச் சொல்லக் கேக்காம. அவங்க திரும்பும்போது பாதி வழியில கடல் ஏறிடுச்சு. காத்தும் மழையும் ஒண்ணா வந்து, கரையில இருந்து பார்த்தா மூணு உருவம் மட்டும்தான் மங்கலாத் தெரியுது. பாதை எங்க இருக்குன்னே தெரியல. ஒரு அடி தப்பா வெச்சா ஆழம். அந்தப் பாதையில இருநூத்திப் பன்னிரண்டு கல்லு இருக்கு. அவ அத்தனையும் எண்ணி வெச்சிருந்தா. எது ஆடும், எது வழுக்கும், எதுல இரும்பு வளையம் இருக்கும், எல்லாம். மெகாபோனை எடுத்தா. அவங்க எந்தக் கல்லுல நிக்கிறாங்கன்னு கணக்குப் போட்டு, ஒவ்வொரு கல்லா சொன்னா. 'இது இடது பக்கம் சாயும், வலது காலை முதல்ல வைங்க. அடுத்தது அகலம், நின்னு மூச்சு விட்டுக்கோங்க.' நாப்பது நிமிஷம். மூணு பேரும் வந்து சேர்ந்தாங்க. புகார் எழுதினவர் பேனாவை மூடிச் சட்டையில செருகிக்கிட்டார். அன்னைக்குக் கிழிஞ்ச தொண்டைதான், அப்புறம் சரியாகவே இல்ல. அவ குரல் ஏன் கரகரன்னு இருக்குன்னு கேட்டவங்க எல்லாருக்கும் இதான் பதில்."

மகள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் குரல் எப்போதும் அப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். பள்ளி ஆண்டு விழாவில் அம்மா பேசியபோது தோழிகள் சிரித்ததும், அன்றிரவு அவள் அம்மாவோடு பேசாமல் படுத்ததும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தையற்காரர் அவளைப் பார்க்காதது போல் இருந்தார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "ஐயா, நீங்க சொல்றது சரிதான். ஆனா பலகைன்னா நாலு வரிதான் பிடிக்கும். பாசி, கல்லு, கணக்கு... வர்றவங்க நின்னு படிக்க மாட்டாங்க. குழந்தைன்னா கொஞ்சம் எடுப்பா இருக்கும்."

"பலகை வைக்கலைன்னா பரவாயில்லைங்க," என்றார் தையற்காரர். குரல் உயரவில்லை. "பொய்ப் பலகை மட்டும் வேண்டாம். தினம் அந்தப் படிக்கட்டுலதான் நின்னு பேசறா. அவ தலைக்கு மேல இதைத் தொங்க விடுவீங்களா?"

பேசறா என்று சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. யாரும் திருத்தவில்லை.

நிருபர் பக்கத்தைத் திருப்பிப் புதிதாக எழுதத் தொடங்கியிருந்தார். "அந்த மூணு பேர் யாருங்கய்யா?"

"ரெண்டு பேரு வெளியூர். புருஷன் பொண்டாட்டி."

"மூணாவது?"

தையற்காரர் கையிலிருந்த அளவு நாடாவைப் பார்த்தார். நிருபர் மறுபடி கேட்டார்: "தெரியாதா?"

"தெரியும். சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு அவ கேட்டுக்கிட்டா. என் பொண்ணுகிட்டக் கூடச் சொன்னதில்ல. இதைச் சொன்னா அதைக் கேப்பான்னுதான் எதையுமே சொல்லல."

நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. கேப்டன் எழுந்து நின்றிருந்தார்.

"எழுதிக்கோங்க தம்பி," என்றார். பாறை உச்சியில் இளவரசிக்காக அவர் வைத்திருந்த குரல் இல்லை அது. "மூணாவது ஆளு நான்."

பேருந்து ஓட்டுநர் ஒருவர், "என்னது?" என்றார்.

"நான்தான்யா. பாசியைப் பார்த்துப் பயப்படறவங்க வீட்டுல உக்காரலாம்னு, வெளியூர்க்காரங்க அத்தனை பேரு முன்னாலயும் அவங்களைக் கிண்டல் பண்ணிட்டு, அந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போனது நான். நூத்து நாப்பதாவது கல்லுல கால் வழுக்கிடுச்சு. உக்காந்து அழுதேன். கரையில இருந்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி மெகாபோன். என் பேரைச் சொல்லியிருந்தா அன்னைக்கே என் பொழப்பு முடிஞ்சிருக்கும். ஆனா அவங்க சொல்லல. 'மூணாவதா வர்றவரே, நீங்க நல்லாத்தான் வர்றீங்க'ன்னாங்க. திரும்பத் திரும்ப அதையே சொன்னாங்க. 'நல்லாத்தான் வர்றீங்க, இன்னும் ஏழு கல்லுதான்.' நான் எங்க நல்லா வந்தேன்? தவழ்ந்துல்ல வந்தேன்."

ஒரு வழிகாட்டி சிரித்துவிட்டார். அடுத்தவரும் சிரித்தார். கேப்டனே சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே," என்று தையற்காரரிடம் திரும்பினார். "அவங்க வாழ்க்கையில சொன்ன ஒரே பொய் அதுதான்ணே."

"இல்ல," என்றார் தையற்காரர். "வீட்டுக்கு வந்து என்கிட்டயும் அப்படித்தான் சொன்னா. அந்த மனுஷன் நல்லாத்தாங்க வந்தார்னு."

கேப்டன் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

மகள் கதவை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். நிருபரின் குறிப்பேட்டைக் குனிந்து பார்த்தாள். "சார், ஒரு விஷயம். எங்க அம்மாவுக்கு நீச்சல் தெரியாதுங்கிறதை முதல் வரியிலயே போடுங்க." நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தாள். "பலகையிலயும்."

தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். இவள் அவள் பெண்தான் என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள். கோட்டு அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. மேல் பொத்தான் போட்டிருந்தது. சவ வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரியவை. கடற்கரைச் சாலையின் கைப்பிடிச் சுவரும், அதற்கு அப்பால் நீரும் அவற்றில் ஓடின. வண்டி நடை வேகத்தில்தான் போனது. தையற்காரரும் மகளும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் சாலையை அடைத்துக்கொண்டு வழிகாட்டிகள் நடந்தார்கள். முப்பது பேர் இருக்கும். பாதிப் பேர் வேலைக்கு நடுவில் யூனிஃபார்மோடு வந்தவர்கள். சுற்றிப் பார்க்க வந்த கூட்டங்கள் நடைபாதையில் ஒதுங்கி நின்றன.

சதுக்கத்தைத் தாண்டியதும், முதலில் போய்க்கொண்டிருந்த கேப்டன் திரும்பினார். நிற்கவில்லை. கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம். வண்டிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாகக் கால் வைத்து நடந்தார். அவரைப் பார்த்து இன்னொருத்தர் திரும்பினார். பிறகு மூன்று பேர். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் வண்டியைப் பார்த்தபடி, தெரிந்த சாலையில், திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார்கள்.

மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

தையற்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மெதுவா," என்று கேப்டனுக்குக் குரல் கொடுத்தார். "அங்க ஒரு பள்ளம் வருது."