பவானி வீட்டு மரத்தரை

வெண்மதிக்குக் குதிகால் வலி வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காலையில் செம்மண்டலம் வீட்டுச் சமையலறையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், அன்றைக்கு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நொண்டிக்கொண்டுதான் பாடம் நடத்துவாள். வெறும் தரையில் நிற்காதீர்கள், மெத்தென்று ஒரு செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். செருப்பைப் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் நிற்பதா? அவள் டாக்டரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து வெறுங்காலோடுதான் நின்றாள்.

2009 கோடை விடுமுறையில் சமையலறையை இடித்துப் பெரிதாக்கினார்கள். தரைக்கு மரப்பலகை போடலாம் என்று அவள் சொன்னதும் கணவன் அன்பரசு சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"அடுப்பங்கரையில மரமா? வூடு கட்டுறமா, கப்பல் கட்டுறமா?"

"சிதம்பரத்துல பவானி வூட்டுல போட்டிருக்காங்க. ரெண்டு வருஷமா ஜம்முனு இருக்கு. கால் நோவு எனக்குத்தான தெரியும்?"

"சரி, நீதான நிக்கப் போற. ஆனா தண்ணி பட்டா ஊதிக்கும், சொல்லிட்டேன்."

சொன்னதோடு விட்டானா? தச்சர் தேவசகாயம் மாதிரிக்குக் கொண்டுவந்து கொடுத்த பலகைத் துண்டை ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஊறப்போட்டான். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவன். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டான். நாலாம் நாள், ஓரம் பிளந்து ஊதிப்போன துண்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான்.

"எந்த வூட்டுல தரைய மூணு நாளு ஊறப்போடுறாங்க? உங்கள ஊறப்போட்டாலும்தான் ஊதிப்பூடுவீங்க" என்றாள் வெண்மதி.

டைல்ஸ் போட அன்பரசு சொல்லிவைத்த கொத்தனார் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்கள். பவானி வீட்டுத் தரையைப் பார்த்துவிட்டு எதுவானாலும் முடிவு செய்வது என்று பேச்சு.

பவானி, வெண்மதியோடு ஆசிரியர் பயிற்சி படித்தவள். கனகசபை நகரில் அவள் வீட்டுச் சமையலறைத் தரை தேன் நிறத்தில் பளபளத்தது. வெண்மதி காலை எடுத்து வைத்தாள். சில்லிப்பு இல்லை, குத்தல் இல்லை. அந்த இடத்தை விட்டு நகரவே அவளுக்கு மனமில்லை. அன்பரசு வந்த இடம் என்றும் பார்க்காமல் மண்டி போட்டு, சிங்குக்குக் கீழே ஒவ்வொரு இடுக்காக விரலால் தடவிப் பார்த்தான். ஒரு இடத்தில்கூட ஊதவில்லை. எழுந்தபோது அவன் முகத்தைப் பார்த்து வெண்மதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் ஹால்ல உக்காருங்க, காபி எடுத்தாறேன்" என்று பவானி சொன்னாள். சொல்லிவிட்டு, அந்தச் சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் போனாள்.

உதவிக்குப் போன வெண்மதி பின்கதவில் அப்படியே நின்றுவிட்டாள். தகரக் கூரைக் கொட்டகை. சிமெண்டுத் தரை முழுக்க ஈரம். ஒரு மூலையில் அலசிய மீன், அடுப்பில் கொதிக்கும் குழம்பு, பக்கத்தில் காபிக்குப் பால்.

"இங்கியா சமைக்கிற?"

"சத்தம் போடாதடி. உள்ள சமைச்சா எண்ண தெறிக்கும், தண்ணி கொட்டும். அவரு ஆசப்பட்டுப் போட்ட தரை. ஒரே வாரம்தான் உள்ள சமைச்சேன். இப்ப அதத் தொடைக்கிறது ஒரு வேலை, இங்க சமைக்கிறது ஒரு வேலை."

"இந்த ஈரத்துல நின்னா கால் நோவல?"

பவானி கீழே காட்டினாள். அடுப்புக்கு முன்னால் ஒரு பழைய கதவுப் பலகை கிடந்தது. "இதும்மேலதான் நிப்பேன். நனைஞ்சா வெயில்ல சாத்தி வெச்சிடுவேன்."

வெண்மதி அதன் மேல் ஏறி நின்றாள். உள்ளே இருந்த அதே சுகம். அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். அதுவும் இரண்டு கால் நிற்கிற இடத்துக்கு மட்டும்.

திரும்பும் பஸ்ஸில், தோற்றதை எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அன்பரசு வாயைத் திறந்தான்.

"மரமே போட்டுடலாம். நீ அங்க நின்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். ஊதுனா ஊதிட்டுப் போவுது, மாத்திக்கலாம்."

இத்தனை நாள் இந்த மனுஷனோடு மல்லுக்கு நின்றோமே என்று வெண்மதிக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "வேணாங்க. டைல்ஸே போடுங்க" என்று கொட்டகைக் கதையைச் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவன் சிரித்தான்.

டைல்ஸ் வேலை முடிந்ததும் தேவசகாயம் அடுப்புக்கு முன்னால் போடும் பலகைக்கு அளவெடுக்க வந்தார். "ஒரு ஆளு நிக்க ரெண்டடி போதும், டீச்சர்."

"நாலடி போடுங்க."

"அவ்ளோ நீளம் எதுக்கு?" என்றான் அன்பரசு.

"ரெண்டு பேரு நிக்க வேணாமா? வெங்காயத்த யாரு நறுக்குறது?"

தேவசகாயம் சிரிப்பை மறைத்துக்கொண்டு நாலடியில் பென்சிலால் கோடு கிழித்தார்.

பால் காய்ச்சிய மறுநாள் காலையில், வெண்மதி குளித்துவிட்டு வருவதற்குள் அன்பரசு கத்தியும் வெங்காயமுமாகப் பலகையின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"காலுக்கு எதமாத்தான் இருக்கு."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அவளும் ஏறி நின்றாள்.